அக்கரையில் நிற்பவள்

அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ கையில் அகப்பட்டது. 1964இல் வந்த புத்தகம், மாமாவின் பிரதி. அட்டை கழன்றுபோய், முதுகுக்குப் பழைய சாரத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார். விரித்தேன். நாட்டுப்பாடல்கள் வரும் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிவப்புக் காகிதம் வழுக்கி மடியில் விழுந்தது. கத்தரிக்கோலால் நுணுக்கமாக வெட்டிய சீனத்து வேலை: நாணல் புதர், இரண்டு நீர்ப்பறவைகள். பீக்கிங் வானொலி மாமாவுக்கு அனுப்பியது.

மாமா உபாத்தியாயர். கலியாணம் செய்யவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது. கலியாணம் செய்திருந்தால் மாமாவும் பெண்சாதி வீட்டுக்குக் குடிபோயிருப்பார். அவர் போகவில்லை, முன் விறாந்தையின் மூலையில் ஒரு கட்டிலோடும் ஒரு றேடியோவோடும் எங்களுக்குக் கிடைத்தார். 1964இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது சண்முகதாசனின் பீக்கிங் பிரிவுப் பக்கம் நின்றவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் அது பெரிய செய்தியே இல்லை. அம்மம்மாவுக்குச் சீனா என்றால் கூப்பன் கடை அரிசி. 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் செய்தது அல்லவா? அந்த அரிசி வாவியைத் தாண்டி எங்கள் கூப்பன் கடைக்கும் வந்தது. சுற்றிவர வயல், நிலக்காரப் போடியார் வீட்டுப் பட்டறையில் முகடு முட்ட நெல், அந்த வயலில் வேலை செய்கிறவன் வீட்டு உலையில் சீனத்து அரிசி. மாமா அரசியல் பேச இது ஒன்றே போதுமாக இருந்தது.

1963 ஓகஸ்ட் முதலாம் திகதி பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. நான் கேட்கிற வயதுக்கு வந்தபோது மாமா அதன் நீண்டகால நேயர். சிற்றலையில் குரல் கிட்ட வரும், தூரப் போகும், இடையில் வேறொரு நாட்டுப் பாட்டு குறுக்கே பாயும். மாமா றேடியோவைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வரை நடப்பார். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனப் பெண்கள் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி நிறுத்தி வாசிப்பார்கள். அம்மம்மாவுக்கு அந்தத் தமிழில் ஒரு மோகம்.

“இந்தப் புள்ள எவ்வளவு ஆறுதலாக் கதைக்கிறா பாருங்க. நம்மட ஆக்களுக்கு இப்பிடிக் கதைக்க வராதே!”

மாமா நேயர் கடிதம் எழுதுவார். மாதக்கணக்கில் கழித்து ஒரு கனத்த உறை வரும். நாட்காட்டி, படங்கள், சில வேளை இப்படி ஒரு வெட்டுக் காகிதம். ஆனால் பழைய சீனக் கவிதை அந்த வானொலி வழியாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது கலாசாரப் புரட்சிக் காலம். கன்பூசியசைத் திட்டுவதே அங்கே ஓர் இயக்கமாக நடந்துகொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை, மாவோ சேதுங் எழுதிய கவிதைகள் பெரும்பாலும் பழைய யாப்பில்தான். 1957இல் அவற்றை ஒரு சஞ்சிகையில் வெளியிடும்போது, இளைஞர்களுக்கு இந்தப் பழைய வடிவம் வேண்டாம் என்று கடிதமும் எழுதிவைத்தார். தான் விடமாட்டார், மற்றவர் தொடக்கூடாது. இதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும்.

பழைய கவிதை வந்தது இங்கிலாந்து வழியாக. ஆர்தர் வேலி என்ற ஆங்கிலேயர் 1937இல் சீனரின் ஆதித் தொகுப்பான ‘ஷி சிங்’கை மொழிபெயர்த்திருந்தார். மாமா அதை யாரோ ஒரு கூட்டாளியிடம் இரவல் வாங்கி, நான் அறியத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மொத்தம் 305 பாட்டு. அவற்றில் 160 நாட்டுப்புறத்து மெட்டுகள். மிச்சம் அரசவைக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் உரியவை. கிறிஸ்துவுக்கு முந்திய ஆயிரமாம் ஆண்டை ஒட்டித் தொடங்கி நானூறு ஐந்நூறு வருடங்களில் சேர்ந்தவை. எங்கள் சங்கப் பாட்டுக்கும் முந்தியவை. பெரும்பாலும் அடிக்கு நாலே சொல். கன்பூசியஸ்தான் பொறுக்கித் தொகுத்தார் என்பது மரபு. அரசாங்க ஆட்கள் மரநாக்கு வைத்த மணி ஒன்றை ஆட்டிக்கொண்டு ஊரூராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார்கள், சனங்களின் மனநிலையை அரசன் அதைக் கேட்டு அறிந்தான் என்றும் ஒரு பழங்கதை. மாமாவுக்கு அந்த மணிக்காரர்களில் ஆசை. தானும் அப்படி ஒருவர் என்று ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

அவருக்கு மணி அடித்துத் தேடிப்போக வேண்டிய தேவை இருக்கவில்லை. கவி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மட்டக்களப்பில் கவி என்றால் அது வித்துவான் எழுதுவது அல்ல, நாலு வரி, வாயில் பிறப்பது. பன்றிக்கும் யானைக்கும் வயல் காக்கிறவன் வட்டையில், அதாவது வயல்வெளியில், காவல் வாடிக்குள் இருந்து பாடுவான். அடுத்த வாடியில் இருப்பவன் பதில் சொல்வான். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறையிலிருந்து வரும் முஸ்லிம் காக்காமார் படித்தால் எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள், அந்த அளவுக்கு அவர்கள் கெட்டிக்காரர். மச்சானும் மச்சியும் இரண்டு சமூகத்துக் கவியிலும் ஒன்றுதான். பெண்களுக்குக் கவி வீட்டு வேலையோடு வந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடுகையில் தானாக வரும். பாய் இழைக்கையில் வரும். அம்மம்மா சாயம் போட்ட பன் புல்லை விரித்துக்கொண்டு குந்தினால் நாங்கள் சத்தம் போடாமல் கிட்டப் போவோம். கேட்பது தெரிந்தால் நிறுத்திவிடுவா.

ஒரு பின்னேரம் மாமா அந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டை எங்கள் பேச்சில் சொல்லத் தொடங்கினார். சங் நாட்டுப் பாட்டு அது. ஒருத்தி தன் ஆளைக் கெஞ்சுகிறாள்: எங்கள் ஊருக்குள் தாண்டி வராதே, மரத்தை முறிக்காதே. மரம் எனக்குப் பெரிசில்லை, அப்பா அம்மாவுக்குத்தான் பயம். அடுத்த சுற்றில் மதிலைத் தாண்டாதே என்கிறாள், அண்ணன்மாருக்குப் பயம். மூன்றாவதில் தோட்டத்துக்குள் வராதே என்கிறாள், ஊர் வாய்க்குப் பயம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மரத்தின் பெயர் மாறி வரும்.

அம்மம்மா பன்னை விட்டுவிட்டுச் சிரித்தா.

“வராத எண்டா சொல்றாள்? முதல்ல ஊருக்குள்ள, மறுகா மதில், மறுகா தோட்டம், எங்க எந்த மரம் நிக்கிது எண்டு வழியெல்லாம் அவள்தானே மனே சொல்லிக் குடுக்கிறாள்!”

மாமா வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு அந்தப் பாட்டுக்குச் சீன உரைகாரர்கள் என்ன எழுதினார்கள் என்று படித்தபோதுதான் அம்மம்மாவின் பெருமை தெரிந்தது. ஹான் காலத்து மாவோ மரபின் (இது வேறு மாவோ) முன்னுரைப்படி அது காதல் பாட்டே இல்லையாம். சங் நாட்டுக் கோமகன் ஒருவன் தன் தம்பியை அடக்காமல் விட்டதைக் குத்திக்காட்டும் அரசியல் பாட்டாம். தொகுப்பின் முதல் பாட்டு, ஆற்றுத் திட்டில் பறவைகள் கூவ ஒருத்தியை நினைத்து ஒருவன் தூக்கமின்றிப் புரளுவது. அதுவும் ஓர் அரசியின் நற்குணத்தைப் போற்றுவதாகப் போய்விட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பிள்ளைகள் இந்த உரையோடுதான் பாடம் பண்ணினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ ஷி என்ற அறிஞர் வந்துதான், இவற்றில் பல ஆணும் பெண்ணும் பாடிக்கொண்டவை என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு, சிலவற்றை ஒழுக்கக்கேடு என்றும் சொல்லிவைத்தார். 1919இல் மார்செல் கிரானே என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றை வசந்தகாலத் திருவிழாக்களில் ஆற்றங்கரையில் பொடியன்மாரும் பெட்டைகளும் எதிரெதிர் நின்று பாடிய பாட்டு என்று எழுதினார். எங்கள் வட்டைக்கு ஒரு முறை வந்திருந்தால் அந்த மனுசன் இன்னும் ஒரு புத்தகம் எழுதியிருப்பார்.

சீன மரபு இந்தப் பாட்டுகளில் மூன்று வழிகளைப் பிரித்துச் சொல்கிறது. நேரே சொல்வது ஃபூ. ஒப்பிட்டுச் சொல்வது பீ. மூன்றாவதான ஷிங்தான் விசேடம்: முதலில் ஒரு பறவை, ஒரு கொடி, ஒரு காற்று, அதற்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வார்த்தை இல்லாமல் அடுத்த வரி மனத்துக்குள் பாய்ந்துவிடும். தொல்காப்பியம் படித்தவர்கள் உள்ளுறையும் இறைச்சியும் என்று உடனே கையை உயர்த்துவார்கள். உயர்த்தட்டும். அம்மம்மா எந்த இலக்கணமும் படிக்காதவ. அவவின் கவியில் முதலிரண்டு வரியில் கச்சான் காற்று அடிக்கும், அல்லது வாவியில் தோணி ஒன்று தனியே போகும். மூன்றாம் வரியில் மச்சான் வந்துவிடுவான். நடுவில் பாலம் கிடையாது. கேட்பவள் தானே தாண்டிக்கொள்ள வேண்டும். சீனக் கவிதையின் செல்வாக்கு என்று உலகம் முழுக்கப் பேசுவது பெரும்பாலும் இந்தத் தாண்டலைத்தான்.

திரும்பச் சொல்வதும் அப்படி. பெண்கள் கூட்டமாகக் கீரைச்செடி பறிக்கிற சீனப் பாட்டு ஒன்று. சுற்றுக்குச் சுற்று வரி அப்படியே வரும், வினைச்சொல் மட்டும் மாறும்: பறிப்பது, பொறுக்குவது, உருவுவது, கடைசியில் மடியில் கட்டிக்கொள்வது. கதை இல்லை, காதல் இல்லை, வேலை மட்டும். மாமா அதைப் படித்தபோது அம்மம்மாவின் கை பாயில் அந்தத் தாளத்துக்கே போனது. உரைகாரர்கள் இதற்கும் ஏதோ நல்லொழுக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது, உரைகாரருக்கும் வயிறு இருக்கிறதே.

மாமா சும்மா இருக்கவில்லை. அம்மம்மாவின் கவிகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். இரவில் கேட்பதும், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எழுதுவதும். ஆனால் உபாத்தியாயர் அல்லவா! அவவின் “நம்மட” கொப்பியில் “நம்முடைய” ஆகும். சந்தி திருத்தப்படும். அத்தை மகனைப் பற்றிக் கொஞ்சம் காரமாக வந்த கவிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் அடையாளம். ஒரு நாள் வாசித்துக் காட்டச் சொன்னா. கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினா.

“நல்லாத்தான் இருக்கு மனே. ஆனா இது உண்ட கவி. எண்ட இல்ல.”

அதற்குப் பிறகு மாமாவுக்கு மட்டும் என்று சில கவிகள், பெண்களோடு இருக்கும்போது மட்டும் என்று சில கவிகள் ஆகிவிட்டன. இரண்டாவது வகைதான் திறம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. மட்டக்களப்பில் அந்த இரவை அறிந்த எவரும் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் எதையும் சொல்வார்கள். கூரை போனது, தென்னை எல்லாம் சரிந்தது, மாமாவின் கட்டிலடிப் பெட்டி தண்ணீரோடு போனது. கொப்பியும் அதற்குள்தான். உயர இருந்த சில புத்தகங்கள் நனைந்து தப்பின. மாமா நாலு நாள் பேசவில்லை. பிறகு தானே ஒரு கதை சொன்னார். கி.மு. 213இல் சின் பேரரசன் ஏடுகளை எரிக்கச் சொன்னபோது ஷி சிங்கும் எரிந்தது. ஆனால் பாட்டுகள் மூங்கிலிலும் பட்டிலும் மட்டும் இருக்கவில்லை, சனங்களின் வாயில் இருந்தன, அதனால் தப்பின என்று ஹான் வரலாற்றில் எழுதியிருக்கிறதாம். சொல்லிவிட்டு அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவ உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தா. கவி கேட்கிற நேரமா அது!

எங்கள் வாவிக்கு உலகப் புகழ் உண்டு, பாடும் மீனால். எமர்சன் டெனென்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1848இல் இரவில் தோணியில் போய்க் காது கொடுத்துக் கேட்டு, பிறகு புத்தகத்தில் எழுதினார். யேசு சபைப் பாதிரியார் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்து இலங்கை வானொலியில் ஒலிபரப்பச் செய்தார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அந்த ஓசையை நீரர மகளிரின் இசையாக்கி யாழ் நூலுக்குள் வைத்தார். 1947இல் நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அவர் மறைந்தார். இன்றும் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று ஆட்கள் காது கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் தண்ணீருக்குள் துடுப்பை விட்டு மறுநுனியைக் காதில் வைத்து மீனைக் கேட்டவர்களில் எத்தனை பேர், கரையில் உரலடியில் பாடிய பெண்களைக் கேட்டார்கள்? கந்தையா போன்ற சிலர் கேட்டார்கள், அதனால்தான் அந்தப் புத்தகத்தை மாமா சாரத் துண்டு ஒட்டிக் காப்பாற்றினார்.

சீனக் கவிதை மேற்குக்குப் போனது வேறு வழியில். எஸ்ரா பவுண்டுக்குச் சீனம் தெரியாது. இறந்துபோன ஒரு அமெரிக்க அறிஞரின் குறிப்புக் கொப்பிகளை வைத்துக்கொண்டு 1915இல் ‘கத்தே’ என்ற சிறு நூலை வெளியிட்டார். பெரும்பாலும் லி பை முதலிய பிற்காலத்துக் கவிஞர்களின் பாடல்கள். அந்த நூல் ஆங்கிலக் கவிதையின் நடையையே மாற்றியது. விளக்காமல் காட்சியை மட்டும் வைத்துவிட்டு விலகுவது என்ற பழக்கம் நவீன கவிஞர்களுக்குத் தொற்றியது. பவுண்டையும் எலியட்டையும் படித்தவர்கள் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ சஞ்சிகைக் காலத்தில் தமிழில் புதுக்கவிதை பேசினார்கள். கவிதை வந்த வழி இது: சீனம், அந்த அமெரிக்கருக்கு ஜப்பானியப் பேராசிரியர்கள் சொன்ன விளக்கம், அவரின் கொப்பி, லண்டன், அதன் பிறகு சென்னை. எழுபதுகளில் மட்டக்களப்புப் பொடியன்மார் அந்தப் புதுக்கவிதையைப் பார்த்து எழுதினார்கள், அடுத்த அறையில் பாய் இழைத்தபடி கவி சொல்லிக்கொண்டிருந்த தாய்மாரைத் தாண்டிக்கொண்டு. மாமாவின் பெரிய மனக்குறை இது. எனக்கும்தான்.

ஷி சிங்கின் பாடல்களைச் சீனத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்தவர் பயணி என்ற புனைபெயரில் எழுதிய இந்திய வெளியுறவு அதிகாரி. 2012இல் காலச்சுவடு ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்ற தலைப்பில் வெளியிட்டது. சீனாவின் சங்க இலக்கியம் என்றே அதற்கு அறிமுகம். மாமா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இப்போது ஊர் வேறு. 2014இல் ஜப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். அதற்கு முதல் ஆரையம்பதிப் பக்கம் போக மண்முனைத் துறையில் ‘பாதை’க்காகக் காத்துக்கிடக்க வேண்டும், சைக்கிள், ஆடு, கலியாணக்காரர், நோயாளி எல்லாரும் ஒரே மிதவையில். பாலத்தில் இப்போது இரண்டு நிமிசம். பாதையில் கேட்ட கதைகளும் நக்கலும் அந்த இரண்டு நிமிசத்தில் எப்படி நடக்கும்? நெல் குத்த மில், சூடு மிதிக்க மாடில்லை, வெட்டுவதும் மெசின், வாடியில் காவலுக்கு இருப்பவன் கையில் போன். பள்ளிக்கூடங்களில் கவிப் போட்டி வைக்கிறார்கள். ஒரு முறை நடுவராகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பட்டுச் சேலையோடு, மைக்குக்கு முன் அசையாமல் நின்று, புத்தகத்தில் இருப்பதை அச்சுப் பிசகாமல் ஒப்புவித்தார்கள். எதிர்க்கவி சொல்ல ஒருவரும் இல்லை. கவிக்கு மறுமொழி இல்லாவிட்டால் அது தேவாரம் ஆகிவிடும்.

போன மாதம் மச்சாள் வீட்டுக்குப் போனேன். மாமி மகள், என்னைவிட மூத்தவ. அம்மம்மாவோடு எதிர் உலக்கை போட்ட கடைசி ஆள். பக்கத்து வீட்டு இரண்டு பெண்டுகளும் தேத்தண்ணிக்கு வந்திருந்தார்கள். பயணியின் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதிலுள்ள நாணல் பாட்டை வாசித்துவிட்டு என் வாயாலும் சொன்னேன்: நாணல் செழித்துக் கிடக்கிறது, பனி உறைந்திருக்கிறது, நான் நினைக்கிற ஆள் தண்ணீருக்கு அக்கரையில். எதிர்நீரில் போனால் வழி நீளம், தடை அதிகம். நீரோடு போனால் அந்த ஆள் நட்டாற்றில் நிற்பது போலத் தெரிகிறது. மூன்று சுற்றும் இப்படித்தான். நாணலும் பனியும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

“மறுகா?” என்றா மச்சாள்.

“மறுகா ஒண்டுமில்ல. அதோட பாட்டு முடியிது.”

“அப்ப போய்ச் சேந்தானா இல்லையா?”

“சொல்லல்ல மச்சாள்.”

“என்னத்துக்குச் சொல்லல்ல? இவ்வளவு தூரம் நம்மள இழுத்துக்கொண்டு போயிட்டு?”

பக்கத்து வீட்டுப் பிள்ளை, தேடிப்போவது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம் என்றா. மற்றவ, இல்லை, அக்கரையில் நிற்பவள்தான் தெரிந்துகொண்டு தள்ளித் தள்ளிப் போகிறாள், குடி (தாய்வழிக் குலம்) பார்க்கிற பெட்டையாக இருப்பாள் என்றா. சீனத்தில் அந்த இடத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாது, அக்கரையில் இருப்பது அரசன் தேடும் அறிஞன் என்று சொன்னவர்களும் உண்டு என்றேன். மூவரும் அந்த அறிஞனை ஒரே சிரிப்பில் தள்ளிவிட்டார்கள். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினா. அவன் மறுநாள் பாதையில் ஏறி வந்ததாகவும், துறையில் இவள் கண்டும் காணாதது மாதிரிப் போனதாகவும் நாலு வரியில் கட்டிவிட்டா. மற்றவ அதற்கு எதிர்க்கவி எடுத்தா, கொஞ்சம் காரமாக. நான் போனில் பதிவு செய்யப் பார்த்தேன்.

“அத அங்கால வை புள்ள,” என்றா மச்சாள். “வந்தா நீயும் ஒண்டு சொல்லு.”